பாழடைந்த கிடங்கு, ஈரச் சுவர், ஒரு படிப்பகம்

மேற்குச் சுவர் ஒரு முழு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது. வடக்கு மூலை ஒன்றைத் தவிர அடியில் உப்புப் பூக்கவில்லை, சுண்ணாம்புப் பூச்சு உதிரவில்லை, கையை வைத்தால் குளிர்ச்சி மட்டும்தான், பிசுபிசுப்பு இல்லை. இதைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். பூசி முடித்த மறுநாள் எந்தச் சுவரும் அழகாகத்தான் இருக்கும். மழை பார்த்த சுவர்தான் சாட்சி சொல்லும்.

பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த சரக்குக் கிடங்கு அது. உள்ளளவு 18 மீட்டர் நீளம், 7.2 மீட்டர் அகலம், சுவர் உயரம் 3.6 மீட்டர். 450 மி.மீ. தடிமனுள்ள செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மேலே, ட்ரஸ் என்று ஆசாரிகள் சொல்லும் முக்கோண மரச் சட்டங்கள் ஐந்து. அவற்றின் மேல் சரிவாக ஓடும் கைமரம், அதன் குறுக்கே ரீப்பர் என்னும் மெல்லிய சட்டம், ஓடு. இதைப் படிப்பகமாகவும் கூட்டம் கூடும் இடமாகவும், ஏணி, துளைப்பான் போன்ற கருவிகளை இரவல் கொடுக்கும் அறையாகவும் மாற்றுவதுதான் திட்டம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் சுலபம் என்று சொன்னவர்கள் உண்டு. நிற்கிற சுவரின் செங்கல்லைச் சுடுவதற்கும் சுமப்பதற்கும் கட்டுவதற்கும் ஆன உழைப்பு ஏற்கெனவே செலவாகிவிட்டது. அதைக் குப்பையாக்கி, அந்தக் குப்பையை அள்ளவும் செலவழிக்க எங்களுக்கு மனமில்லை.

கடப்பாரை எடுக்கும் முன் இரண்டு காரியம் முடிய வேண்டும். கட்டடம் எத்தனை ஆண்டுக்கு நம் பொறுப்பில் இருக்கும் என்பது எழுத்தில் கையெழுத்தாக வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் உள்ளே வந்து கூரையையும் அஸ்திவாரத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். இவை இல்லாமல் ஊர் கூடிச் செய்யும் எந்த வேலையும் நடுவில் நின்றுவிடும்.

அளவெடுப்பில் தொடங்கினோம். 30 மீட்டர் நாடா, தூக்குக்குண்டு, இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதை வைத்து உயரம் ஒப்பிடும் நீர்மட்டக் குழாய், தலையில் மாட்டும் விளக்கு, சுண்ணக்கட்டி, மரத்தைக் குத்திப் பார்க்க ஒரு நீளமான குத்தூசி. வேறு எதுவும் தேவைப்படவில்லை. மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்ததில் ஒரு பக்கம் 19.36 மீட்டர், மறுபக்கம் 19.42. ஆக, கட்டடம் மூலைமட்டத்தில் இல்லை. 60 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மொத்தமாக அலமாரி செய்யச் சொல்லிவிட்டு வந்து பொருத்தினால் கடைசி அலமாரி நுழையாது. மேற்குச் சுவர் உச்சியில் 22 மி.மீ. வெளியே சாய்ந்திருந்தது. அது பழைய சாய்வா, இன்னும் சாய்ந்துகொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கதவு மேலிருந்து கிளம்பிய 4 மி.மீ. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி எழுதினோம். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். வெயில் காலமும் மழைக்காலமும் கடந்த பிறகும் ஒன்றுகூட உடையவில்லை. சுவர் எப்போதோ இறங்கி, எப்போதோ நின்றுவிட்டது. அந்த விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தோம். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

சுத்தம் செய்வதுதானே என்று துடைப்பத்தோடு உள்ளே போய்விடாதீர்கள். வௌவால், புறா எச்சம் காய்ந்து கிடக்கும் இடத்தில் வறட்டுத் துடைப்பம் போட்டால் அந்தத் தூசியோடு பூஞ்சை நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தெளித்து நனைத்து, நல்ல வடிகட்டியுள்ள முகக்கவசம் போட்டு, மண்வெட்டியால் வழித்து மூட்டை கட்டினோம். பின்புறத் தாழ்வாரத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடுகள் இருந்தன. உடைக்காமல், அறுக்காமல், துளை போடாமல் அப்படியே விட்டு, அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை வரவழைத்துத்தான் இறக்கினோம். பழைய கதவில் ஈயம் கலந்த வண்ணம் இருக்கக்கூடும் என்பதால் வறண்ட உப்புத்தாள் தேய்ப்பு கூடாது என்று முடிவு, ஈரத்தோடுதான் தேய்த்தோம். இதற்கெல்லாம் ஆன செலவு மொத்தத்தில் சிறு பங்கு. குறைக்கக் கூடாத பங்கு.

இனி ஈரம். வேலையின் உயிரே இங்கேதான் இருந்தது.

மேற்குச் சுவர் உள்பக்கம் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரம் வரை கறுத்து, பூச்சு ஊதி, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பார்த்தவர்கள் பலரும் ஒரே தீர்ப்புச் சொன்னார்கள்: மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது, சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும். அதற்கு விலைப்புள்ளியும் வாங்கிவிட்டோம். அதை நிறுத்தியவர் எங்களோடு வேலை செய்த மூத்த கொத்தனார். "தண்ணி எந்த வழியா வருதுன்னு பாக்காம மருந்து போடாதீங்க. மொதல்ல மட்டம் பிடிச்சுப் பாருங்க" என்றார்.

நீர்மட்டக் குழாயின் ஒரு முனையை உள்ளே தரையில் பிடித்து, மறுமுனையைச் சன்னல் வழியாக வெளியே நீட்டினோம். வெளியே மண்மட்டம் உள்தரையைவிட 280 மி.மீ. மேலே இருந்தது. ஆண்டாண்டாக விழுந்த இலை, மண், இடிபாடு, பாதை போட்டுப் போட்டு உயர்ந்த மட்டம் எல்லாம் சேர்ந்து சுவரின் அடியைப் புதைத்துவிட்டிருந்தன. மேலே பார்த்தால், கூரை விளிம்பில் தண்ணீரை வாங்கிக் கொண்டுபோகும் மழைநீர்த் தாழி உடைந்து தொங்குகிறது. அந்தப் பக்கக் கூரை சுமார் 75 சதுர மீட்டர். 10 மி.மீ. மழை பெய்தால் 750 லிட்டர். அத்தனையும் சுவரின் காலடியில் கொட்டியிருக்கிறது, ஒவ்வொரு மழைக்கும். இதற்கு எந்த ரசாயனம் தாக்குப்பிடிக்கும்?

போதாக்குறைக்கு, யாரோ எப்போதோ செய்த பழுதுபார்ப்பில் உள்ளும் வெளியும் 1.2 மீட்டர் உயரத்துக்கு சிமென்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், காய்ந்ததும் வெளியே விடும். மேலே சிமென்ட் மூடினால் விட வழியில்லை. ஈரம் உள்ளேயே தங்கும், அல்லது சிமென்ட் முடியும் இடத்துக்கு மேலே ஏறும். கூடவே கரைந்து வந்த உப்பு செங்கல்லின் துளைக்குள் படிகமாகி, செங்கல்லைப் பொடிக்கும். ஒரு இடத்தில் சிமென்டைப் பெயர்த்தபோது பின்னாலிருந்த செங்கல் கையோடு மாவாக வந்தது.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறையின் காற்றிலிருந்து படிகிறதா என்று உறுதி செய்ய எளிய வழி உண்டு. ஒரு சாண் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு விளிம்பையும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. எங்களுக்கு உள்பக்கம் ஒழுகியது.

வெளியே மண்ணை வெட்டி, உள்தரையைவிட 150 மி.மீ. தாழ்வாகக் கொண்டுவந்தோம். 280-ம் 150-ம் சேர்த்து 430 மி.மீ. வெட்டு. இங்கே ஒரு எச்சரிக்கை: பழைய கட்டடத்தின் அஸ்திவாரம் ஆழமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு மூலையில் சோதனைக் குழி தோண்டி அஸ்திவாரத்தின் அடி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்கு மேலேயே நின்றோம். வெட்டியதும் 1.2 மீட்டர் துண்டு துண்டாக, ஒன்று விட்டு ஒன்று. முழு நீளத்தையும் ஒரே மூச்சில் திறந்தால் சுவருக்குப் பக்கவாட்டுப் பிடிப்புப் போய்விடும். பிறகு சுவரிலிருந்து தள்ளி 300 மி.மீ. அகல வடிகால்: தொடக்கத்தில் 350 மி.மீ. ஆழம், 18 மீட்டர் கடந்து முடியும் இடத்தில் 530. அதாவது 100-க்கு 1 சரிவு. அடியிலும் பக்கங்களிலும் வடிகட்டித் துணி, அதன்மேல் துளையிட்ட 110 மி.மீ. குழாய், சுற்றி 20 முதல் 40 மி.மீ. ஜல்லி, மேலே துணியை மடித்து மூடல். துணி இல்லாவிட்டால் மண் புகுந்து ஜல்லி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். குழாயின் முடிவு கட்டடத்துக்குத் தொலைவில் ஓர் உறிஞ்சுகுழியில். கூரைத் தண்ணீரைப் புதுத் தாழி பிடித்துத் தொட்டிக்குக் கொண்டுபோகிறது. முதல் மழையின் அழுக்கை வெளியேற்ற ஒரு திருப்புக் குழாய் வைத்திருக்கிறோம்.

சிமென்டைப் பெயர்க்க மின்சார உடைப்பான் வாடகைக்கு எடுத்தோம். வேகம் இருந்தது, ஆனால் சிமென்டோடு செங்கல்லின் முகமும் வந்தது. சுட்ட செங்கல்லின் மேல்தோல்தான் அதன் கவசம்; அது போனால் உள்சதை தண்ணீர் குடிக்கும். உடைப்பானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உளிக்கும் 1 கிலோ சுத்தியலுக்கும் மாறினோம். அகல உளியைச் சுவருக்கு ஏறக்குறைய இணையாகப் படுக்க வைத்து, ஓரத்திலிருந்து நெம்ப வேண்டும். மாவாகிப் போன செங்கற்களை வெட்டியெடுத்து, இடிந்த தாழ்வாரச் சுவரிலிருந்து பொறுக்கிய பழைய செங்கற்களையே வைத்தோம். அளவு, நிறம், உறிஞ்சும் தன்மை எல்லாம் ஒன்றாக இருந்தன. செங்கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளை 20 முதல் 25 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, தூசி போக ஊதி, நனைத்து, சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பினோம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். வறண்ட தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

அதன் பிறகு, ஒன்றும் செய்யவில்லை. காத்திருந்தோம். சுவர் ஒரு பக்கமாக மாதத்துக்கு 25 மி.மீ. ஆழம் காயும் என்பது பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. 450 மி.மீ. சுவர் இரு பக்கமும் திறந்து கிடந்தால் ஒரு பக்கத்துக்கு 225. ஆக 9 மாதம். ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள், எப்போது திறப்பீர்கள் என்று. நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட ஒன்றுமில்லை. வெறுஞ்செங்கல் சுவர் அலங்கோலமாக நிற்கிறது. இப்படிப்பட்ட வேலைகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பொறுக்காமல் பூசிவிட்டால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. காத்திருக்கும் காலத்தில் உப்பை இழுக்க, சுண்ணாம்பு குறைத்த பலவீனமான பூச்சு ஒன்றைத் தற்காலிகமாக அடித்தோம். அது உப்பை உறிஞ்சித் தானே பொரிந்தது. சுரண்டி எறிந்தோம். அது எறிவதற்கென்றே பூசியது.

அந்த மாதங்களில் கூரை. ஒவ்வொரு மரத்தையும் குத்தூசியால் குத்திப் பார்த்தோம். நல்ல மரம் ஊசியை உள்ளே விடாது. நடுப்பகுதிகள் எல்லாம் உறுதி. சுவருக்குள் புதைந்த முனைகளில்தான் கேடு: இரண்டு ட்ரஸ்களின் அடிச்சட்டம் 300, 400 மி.மீ. நீளத்துக்கு மக்கியிருந்தது. காற்றுப்படாமல் ஈரச் சுவருக்குள் கிடந்தால் தேக்கும் தாங்காது. கீழே ஜாக்கித் தூண் கொடுத்துப் பளுவை எடுத்துக்கொண்டு, கெட்டதை நல்ல மரம் வரும்வரை அறுத்து, புதுத் துண்டு வைத்து, இரு பக்கமும் 6 மி.மீ. இரும்புத் தகடும் 16 மி.மீ. போல்ட்டும் கொடுத்தோம். ட்ரஸின் அடிச்சட்டம் இழுவிசையில் இருப்பது. வெட்டி ஒட்டுப்போட்டுவிட்டால் போதும் என்று ஆசாரியும் நாமும் முடிவு செய்யக் கூடாத இடம். தகட்டின் நீளம், போல்ட்டின் எண்ணிக்கை எல்லாம் பொறியாளர் வரைந்து தந்தபடி. முனை உட்காரும் குழியில் கல் பட்டைமேல் வைத்து, சுற்றிலும் 20 மி.மீ. காற்றிடம் விட்டோம். கறையானுக்குப் போராக்ஸ் வகைக் கரைசல், இரு முறை.

ஓடுகளை இறக்கி ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தோம். கணீர் என்றால் நல்லது, டப் என்றால் உள்ளே கீறல். மூன்றில் ஒரு பங்கு தேறவில்லை. தேறாத ஓட்டை எறியாமல் இடித்துச் சல்லடையில் சலித்து சுர்க்கி ஆக்கினோம். மிதமாகச் சுட்ட களிமண்ணின் பொடி சுண்ணாம்போடு வினைபுரியும், ஈரத்திலும் இறுகும். கடுமையாக வெந்து கறுத்த ஓட்டில் அந்தக் குணம் குறைவு, அதை ஒதுக்கினோம். சந்தேகம் தீர, பொடியும் சுண்ணாம்பும் கலந்து வடை அளவில் தட்டி, சில நாள் கழித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். கரையவில்லை. அந்தப் பொடிதான் சுவரின் அடிப்பகுதிப் பூச்சுக்குப் போனது.

சுண்ணாம்பு நீற்றும்போது தண்ணீருக்குள் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போடுங்கள், கல்லின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை இல்லாத யாரையும் பக்கத்தில் விடவில்லை. நீற்றியதை மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி, மாதக்கணக்கில் ஊறவிட்டோம். வெண்ணெய் பதத்துக்கு வந்துவிடும்.

முதல் மாதிரிப் பூச்சு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல். காய்ந்ததும் சிலந்திவலை போல விரிசல். மணல் ஒரே பொடியாக இருந்ததுதான் காரணம். பொடி, நடுத்தரம், பருமன் மூன்றும் கலந்தால் இடைவெளி குறையும். எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்பதை மணலே சொல்லும்: காய்ந்த மணலை ஒரு லிட்டர் குவளையில் தட்டி நிரப்பி, விளிம்பைத் தொடும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை தண்ணீர் பிடித்ததோ அதுதான் மணலின் இடைவெளி. அவ்வளவு சுண்ணாம்பு போதும். எங்கள் கலப்பு மணலுக்கு மூன்றில் ஒரு பங்கு வந்தது. விகிதம் அதே 1-க்கு 3, மணல்தான் மாறியது. விரிசல் நின்றது.

சுவரை முந்தின நாளே நனைத்து, 12 மி.மீ. முதல் பூச்சு, இறுகியதும் கீறிவிட்டு 8 மி.மீ. இரண்டாவது, கடைசியாக 3 மி.மீ. மெழுகல். சாக்கைத் தொங்கவிட்டுத் தெளித்துத் தெளித்து மெல்லக் காயவிட்டோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் கல்லாகிறது. வேகமாகக் காய்ந்தால் மாவாக நின்றுவிடும். மேலே பால் பதத்தில் ஐந்து கை வெள்ளை. பிளாஸ்டிக் வண்ணம் ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. அடைபட்ட சுவரைத் திறந்துவிட்டு மறுபடி அடைப்பதில் என்ன பொருள்?

மண்ணை இறக்கியதால் வாசலில் 150 மி.மீ. படி உருவானது. சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 சரிவு என்றால் 1.8 மீட்டர் போதும். நாங்கள் 15-க்கு 1 வைத்து 2.25 மீட்டர் நீட்டினோம். தானே தள்ளிக்கொண்டு வருபவரின் தோளுக்கு அந்த வித்தியாசம் பெரிது. பழைய இரட்டைக் கதவை உள்ளே திறப்பதிலிருந்து வெளியே திறப்பதாக மாற்றினோம். கூட்டம் முண்டும்போது உள்ளே திறக்கும் கதவு பொறியாகிவிடும். எதிர்ப்பக்கம் அடைத்துக் கிடந்த வாசலைத் திறந்து இரண்டாவது வழியாக்கினோம்.

அந்த இரண்டாவது வாசலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டடம் பூட்டிக் கிடந்த காலத்திலேயே அதன் பக்கவாட்டு வழியாகத்தான் எல்லோரும் குறுக்கே நடந்துபோனார்கள். திண்ணையில் பிள்ளைகள் விளையாடினார்கள். பிரேசிலின் சாவோ பாலோ நகரில் பழைய பீப்பாய்த் தொழிற்சாலை ஒன்றை, 1982இல் திறக்கப்பட்ட செஸ்க் பொம்பேயா என்ற மக்கள் மையமாக மாற்றியவர் கட்டடக்கலைஞர் லீனா போ பார்டி. வேலை தொடங்குமுன் போனபோது அந்தக் காலிக் கூடத்தில் குடும்பங்களும் குழந்தைகளும் ஏற்கெனவே புழங்குவதைப் பார்த்து, அது தொடர வேண்டும் என்பதையே தன் வேலையின் அடிப்படையாகக் கொண்டார். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். வழியை மறிக்கவில்லை, உள்ளேயே விட்டோம். இரு வாசலுக்கும் நடுவே 1.5 மீட்டர் அகலத்துக்கு மேசை நாற்காலி வராது. குறுக்கே நடப்பவர்களில் பலர் இன்று நின்று செய்தித்தாள் படிக்கிறார்கள்.

புத்தகங்களுக்கு மேலே ஒரு பரண் தளம் போடலாம் என்ற ஆசையைக் கைவிட்டோம். ஒரு மீட்டர் நீளப் புத்தக வரிசை ஏறக்குறைய 30 கிலோ. ஐந்து தட்டு அலமாரி 150 கிலோ. பத்து அலமாரிக்கு ஒன்றரை டன். அதைத் தாங்கப் புது இரும்புத் தூண், புது அஸ்திவாரம் எல்லாம் வேண்டும். கீழேயே சுவரோரம் வைத்தோம், சுவரை ஒட்டாமல் 75 மி.மீ. இடைவெளி விட்டு. சுவர் மூச்சுவிடவும் வேண்டும், அடிப்பக்கத்தைக் குனிந்து பார்க்கவும் முடிய வேண்டும். மின்கம்பிக்குச் சுவரை வெட்டாமல் வெளிக்குழாயிலேயே ஓட்டி, 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பான் வைத்தோம். எதிரொலி மட்டும் தொல்லை கொடுத்தது. சாக்குத் துணி போர்த்திய பஞ்சுப் பலகைகளை ட்ரஸ்களுக்கு நடுவே தொங்கவிட்டதும் பேச்சு தெளிந்தது.

மொத்தச் செலவை நூறு பங்காக வைத்தால்: கூரை 38, வடிகாலும் பூச்சும் 24, மின்சாரமும் விளக்கும் 12, கழிப்பறையும் சரிவும் 10, சாரம், முகக்கவசம், கல்நார் அகற்றல் 6, எதிர்பாராதது 10. பூச்சுச் செலவில் பெரும்பகுதி கூலி. பொருள் மலிவு, கைவேலை அதிகம். அது எனக்குக் குறையாகப் படவில்லை. தொலைவிலிருந்து வரும் மூட்டைக்குப் போகும் பணம், வேலை தெரிந்த கைகளுக்குப் போனது. சுண்ணாம்பு பூசத் தெரியாத இளைஞர்கள் சிலர் இப்போது தெரிந்தவர்கள்.

அடுத்த முறை முதல் நாளே நீர்மட்டக் குழாயைப் பிடிப்பேன், விலைப்புள்ளி கேட்பது அதன் பிறகு. சுண்ணாம்பைக் கூரை வேலை தொடங்கும்போதே நீற்றிவிடுவேன். எங்களுக்குப் பூச்சு வேலை தள்ளிப்போனது சுவரால் அல்ல, ஊறாத சுண்ணாம்பால். தாழியை 100-க்குப் பதில் 150 மி.மீ. அகலம் வைப்பேன், பலத்த மழையில் இப்போதுள்ளது விளிம்பு தாண்டுகிறது. எதிர்பாராத செலவுக்கு 10 அல்ல, 20 ஒதுக்குவேன்.

வடக்கு மூலையில் 300 மி.மீ. உயரத்துக்கு இன்னும் உப்பு வருகிறது. வடிகால் அந்த மூலையைச் சுற்றித் திரும்பாமல் ஒரு மீட்டர் முன்னாலேயே நின்றுவிடுகிறது. காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் வடிகாலை நீட்டி, அந்த இடத்துப் பூச்சை மட்டும் பெயர்த்து, உப்பிழுக்கும் பூச்சை மறுபடி அடிக்கப் போகிறோம். தாழி சுத்தம் செய்யும் தேதியும், செய்தவர் பெயரும், அந்த மூலையின் ஈர அளவும் எழுத ஒரு பதிவேடு கதவுப் பக்கம் தொங்குகிறது.